அப்பா எதில் கணக்குப் போட்டார் என்று கேட்டாயே

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. "எங்க கைடு ஒரு சாப்ட்வேர் சொல்றாரும்மா, லேப்ல இருக்கிறவங்க வேற ஒண்ணு சொல்றாங்க. டேட்டா எல்லாம் சேர்ந்திருச்சு, எதுல போட்டுப் பாக்கிறதுன்னுதான் தெரியல. அப்பா எதுல பண்ணாரு?" என்று கேட்டாய். நான் "சாப்ட்டியாய்யா?" என்றேன். நீ சிரித்துவிட்டு, குவாஹாட்டியில் மழை விடவே இல்லை என்று வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். உனக்கு அது சாதாரணக் கேள்வி. எனக்கு அதை வாயால் சொல்லத் தைரியம் இல்லை. பாதியில் குரல் உடைந்துவிடும், நீ அவ்வளவு தொலைவில் இருந்துகொண்டு பதறுவாய். அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும். வேலை இல்லாத ஒரு பொழுதில் உட்கார்ந்து படி.

உனக்குத் தெரிந்த கதை சின்னது. அப்பா கீழச்சிவல்பட்டிப் பக்கம் கால்நடை மருத்துவராக இருந்தார், வேலை பார்த்துக்கொண்டே ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பதிவு செய்தார், பாதியில் விட்டுவிட்டார். நீ அப்போது கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்தாய். லீவுக்கு வந்திருந்தபோது என்னிடம், "அப்பா எதையுமே முடிக்க மாட்டாரும்மா" என்றாய். அவர் உள்ளறையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அவர் காதில் அது விழுந்தது. உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. உனக்கு ஒன்றும் சொல்லக்கூடாது என்று தடுத்தவரே அவர்தான். "பிள்ள படிக்கட்டும் டீச்சர், அவன் மண்டையில இத ஏத்த வேணாம்" என்றார். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்ததால் வீட்டிலும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார், அது உனக்குத் தெரியும். இப்போது அவர் இல்லை. நீ அதே மாதிரி ஒரு வாசலில் நிற்கிறாய். இனிமேல் சொல்லாமல் இருப்பது சரியில்லை.

அவர் ஆராய்ச்சி ஆட்டுக்குட்டிகளைப் பற்றியது. நம் பக்கத்தில் அறுவடை முடிந்த வயலில் உரத்துக்காகச் செம்மறி மந்தையை ராத்திரி அடைத்துப் போடுவார்களே, கிடை, அந்தக் கிடைகளில் மழைக்காலத்தில் குட்டிகள் கழிச்சல் கண்டு சாகும். விடிந்து பார்த்தால் கிடையைச் சுற்றிக் கட்டிய வலைக்கு ஓரமாக நனைந்த துணி மாதிரி கிடக்கும். அதைப் பார்த்துப் பார்த்து அவருக்குத் தாங்கவில்லை. வேப்பிலை, குப்பைமேனி, மஞ்சள் எல்லாம் சேர்த்து ஒரு கசாயம் சொல்லிக்கொடுத்தார். நாலைந்து கிடைக்காரர்கள் அதைக் கொடுத்தார்கள், நாலைந்து பேர் கொடுக்கவில்லை. எந்தக் குட்டி பிழைத்தது, எது செத்தது என்று மழைக்கு மழை எழுதிக்கொண்டே வந்தார். ஸ்கூட்டரில் இளையாத்தங்குடிப் பக்கம், திருப்பத்தூர்ப் பக்கம் என்று கிடை எங்கே நகர்ந்ததோ அங்கெல்லாம் போனார். நானும் சில நாள் பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறேன். கசாயம் கொடுத்த கிடைகளில் சாவு குறைவாக இருந்தது. கண்ணாலேயே தெரிந்தது. அந்த நாட்களில் அவர் முகம் எப்படி இருந்தது என்று உனக்குக் காட்ட முடியாமல் போயிற்றே என்றுதான் எனக்கு வருத்தம்.

கணக்குப் போடும் நேரம் வந்தபோது எந்த மென்பொருள் என்று அவர் யோசிக்கவே இல்லை. அவருக்குக் கைடாக இருந்த பேராசிரியரின் துறையில் ஒரு கம்ப்யூட்டரில் விலை கொடுத்து வாங்கிய மென்பொருள் ஒன்று இருந்தது. எல்லோரும் அதில்தான் செய்தார்கள். மெனுவைத் திறந்து, வேண்டியதைத் தேர்ந்தெடுத்து, பட்டனை அழுத்தினால் அட்டவணை வந்து விழும். "இதுல என்ன இருக்கோ அத வச்சுப் பண்ணுங்க, போதும்" என்று கைடும் சொல்லிவிட்டார். அதற்கு முன்னால் எக்செல்லில் ஏற்றியபோதே ஒரு தலைவலி வந்திருந்தது. குட்டிகளின் காதில் மாட்டிய எண்கள் 3-12 என்பது போல நடுவில் கோடு போட்டு எழுதியவை, அவற்றில் பாதியை அது தானாகத் தேதியாக மாற்றி வைத்திருந்தது. நல்லவேளை, அதை அவர் கண்டுபிடித்துத் திருத்திவிட்டார். அத்தோடு ஆபத்து தீர்ந்தது என்று நினைத்தார். அட்டவணை வந்தது, கசாயம் வேலை செய்கிறது என்று அடித்துச் சொன்னது. திருப்பத்தூரில் நடந்த விவசாயிகள் கூட்டத்தில் எழுந்து நின்று அதையே சொன்னார். கைதட்டினார்கள். கருப்பையா என்று ஒரு கிடைக்காரர், அப்பாவிடம் ரொம்பப் பிரியமாக இருந்தவர், மேடைக்கே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

பட்டத்துக்கு ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன் எல்லோர் முன்னாலும் விளக்க வேண்டிய நாள் ஒன்று உண்டல்லவா, அங்கேதான் உடைந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கெட்டவர் இல்லை. இரண்டே கேள்விதான் கேட்டார். ஒன்று, "இந்த அட்டவணையை என் முன்னால் இன்னொரு தடவை எடுத்துக் காட்டுங்கள்." அப்பா அதே கோப்பைத் திறந்து, அதே பட்டனை அழுத்தினார். எண் வேறாக வந்தது. பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் வேறு. மறுபடி அழுத்தினார், மறுபடியும் அதே வேறு எண். அறையில் யாரோ இருமினார்களாம். இரண்டாவது கேள்வி, "ஒரே கிடையில் கிடந்த குட்டிகளைத் தனித்தனியாக எண்ணியிருக்கிறீர்களே, கிடையைக் கணக்கில் எடுத்தீர்களா?" அதற்கான வசதி அந்த மென்பொருளில் துறை வாங்கியிருந்த அளவில் இல்லை, தனியாக வாங்க வேண்டும். கைடு குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்தபோது நடைவழியில் யாரோ, "வீட்ல உக்காந்து எழுதுன டேட்டாவா இருக்கும்" என்று சொன்னது அப்பா காதிலேயே விழுந்தது. மழையில் நனைந்து, சேற்றில் இறங்கி, ஒவ்வொரு குட்டியாகத் தூக்கிப் பார்த்த மனுசன், தம்பி.

எண் ஏன் மாறியது என்று அவருக்கே தெரியவில்லை. அதுதான் அவரை அரித்தது. பொய் சொல்லவில்லை என்று அவருக்குத் தெரியும். ஆனால் அந்த அட்டவணை எப்படி வந்தது என்று அவராலேயே சொல்ல முடியவில்லை. மெனுவில் எதை எதை அழுத்தினோம் என்பதை எழுதிவைக்கும் வழி அந்த மென்பொருளிலேயே இருந்தது. அதை அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவரும் தேடவில்லை. சரி, திரும்ப உட்கார்ந்து பார்க்கலாம் என்றால், அந்த வருசத்தோடு துறையின் உரிமம் முடிந்துவிட்டது, புதுப்பிக்கவில்லை. கோப்பு நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தது, திறக்க மென்பொருள் இல்லை. தெரிந்தவர் ஒருவர் திருட்டுப் பிரதி ஒன்றைப் பென்டிரைவில் கொண்டுவந்தார். அப்பா வாங்கவில்லை. "களவாண்டதுல போட்டுப் பாத்துட்டு, நான் யோக்கியம்னு யார்ட்டப் போயிச் சொல்றது?" என்றார். அதற்கப்புறம் பல மாதம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. வேலைக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார். நீ "எதையுமே முடிக்க மாட்டாரு" என்று சொன்னது அந்தச் சமயத்தில்தான்.

நான் விருப்ப ஓய்வு பெற்று வீட்டில் இருந்தேன். ஆர் என்று ஓர் எழுத்தையே பெயராக வைத்துக்கொண்ட இலவச மென்பொருள் ஒன்று இருக்கிறது, மற்ற மென்பொருள்களின் கோப்புகளையும் அது திறக்கும் என்று என் பழைய மாணவி ஒருத்தி சொன்னாள். இணையத்தில் பாடம் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். அதில் மெனு கிடையாது. ஒவ்வொன்றையும் கட்டளையாக எழுத வேண்டும். ஒரு கமா விட்டால் சிவப்பு எழுத்தில் கத்தும். அப்பா எட்டிப் பார்த்து, "டீச்சர், அது ஒங்களத் திட்டுது" என்றார். பல மாதம் கழித்து அவர் சிரித்தது அன்றைக்குத்தான். கோப்பு திறந்தது. அதற்கப்புறம் சாப்பாட்டு மேசையில் மத்தியானங்களில் இருவரும் உட்கார்ந்தோம். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எந்தக் குட்டியைச் சேர்த்தோம், எதை விட்டோம், ஏன் விட்டோம் என்று ஒவ்வொரு வரிக்கும் மேலே தமிழில் ஒரு குறிப்பு வைத்தோம். அப்படிப் போகும்போது ஒருநாள் அவர் சட்டென்று நிமிர்ந்து, "சந்தையில வித்த குட்டிய நான் அப்ப எடுத்துட்டுத்தான போட்டேன்?" என்றார். மழை முடிவதற்குள் விற்றுப்போன குட்டிகள் பிழைத்தனவா செத்தனவா என்று தெரியாதே, அவற்றை ஒதுக்கத்தான் வேண்டும். மெனுவில் எப்போதோ ஒதுக்கியிருக்கிறார், அது அப்படியே மறைந்து நின்றிருக்கிறது, பிறகு எதற்கோ அந்த ஒதுக்கலை எடுத்துவிட்டு மறந்திருக்கிறார். தேர்வாளர் முன்னால் விற்ற குட்டிகளும் கணக்கில் சேர்ந்து எண் மாறியது அதனால்தான். விற்ற குட்டிகளை நீக்கிவிட்டுக் கட்டளையை ஓட்டினேன். பழைய அட்டவணை, கடைசிப் புள்ளி வரைக்கும், அப்படியே வந்தது. அவர் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பல்கலைக்கழகத்துக்குப் போய் எண் மாறிய காரணத்தைக் காட்டி, தலை நிமிர்ந்து வந்திருக்கலாம். நான் அதைத்தான் சொன்னேன். அவர்தான், "அந்த ரெண்டாவது கேள்வி பாக்கி இருக்கே டீச்சர்" என்றார். கிடையையும் கணக்கில் எடுத்துப் போடும் முறையைக் கற்க எனக்கு இன்னும் கொஞ்ச காலம் ஆயிற்று. அதை உனக்கு எளிதாகச் சொல்கிறேன். ஒரே கிடையில் கிடக்கும் குட்டிகள் ஒரே தண்ணீரைக் குடிக்கின்றன, ஒரே ஈரத்தில் படுக்கின்றன, ஒரே ஆள் பார்க்கிறார். அவற்றை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போல எண்ணினால் நம்மிடம் நூற்றுக்கணக்கில் சாட்சிகள் இருப்பது போலத் தோன்றும். உண்மையில் இருந்தவை விரல் விட்டு எண்ணக்கூடிய கிடைகள்தான். அப்படி வைத்துப் பார்த்தபோது கசாயத்தின் பலன் கரைந்துபோயிற்று. கிடை கிடையாகப் பிரித்துப் பார்த்தோம். கசாயம் கொடுக்காத கிடைகளில் ஒன்று, கண்மாய்க் கரைக்குக் கீழே தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் போட்டது. சாவு பெரும்பாலும் அங்கேதான். அதை விட்டால் இரண்டு பக்கமும் ஒன்றேபோல் இருந்தது. கசாயம் குடித்த குட்டியும் செத்தது, குடிக்காததும் செத்தது. "இன்னொருக்க ஓட்டுங்க" என்றார். ஓட்டினேன். "இன்னொருக்க" என்றார். அப்புறம் கேட்கவில்லை.

கைடிடம் இரண்டையும் சொன்னார். எண் மாறியதற்குக் காரணம் கிடைத்தது, கசாயத்துக்குப் பலன் இருப்பதாக நிறுவ முடியவில்லை என்று. "பலன் இல்லங்கிற ஆராய்ச்சிக்கு யாருங்க பட்டம் குடுப்பா? பழையதையே கொஞ்சம் திருத்திக் குடுத்துட்டுப் போங்க, யார் கேக்கப் போறா" என்றார் அவர். அப்பா பதிவை விலக்கிக்கொண்டார். தம்பி, அவர் முடிக்காமல் விட்டதாக நீ நினைத்தது இதைத்தான்.

அடுத்த நாளே கருப்பையாவிடம் போக வேண்டும் என்றார். நானும் போனேன். கருப்பையாவும் அவர் மனைவி பொன்னழகும் வயல் வரப்பில் நின்றார்கள். அப்பா சுற்றி வளைக்காமல் சொன்னார். கருப்பையாவுக்கு முதலில் விளங்கவே இல்லை.

"என்னங்கய்யா சொல்றீக? மழைக்கு மழை அரைச்சு அரைச்சு ஊத்துனோமே. இவ கையப் பாருங்க, வெந்து கெடக்கு."

"தப்பாக் கணக்குப் போட்டுட்டேன் கருப்பையா. அதுனால குட்டிக்குக் கெடுதல் இல்ல. ஆனா நல்லதும் இல்ல. இனிமே அத அரைக்க வேணாம். வருசா வருசம் போடுற தடுப்பூசிய மட்டும் விட்றாத."

"அத்தன சனத்துக்கு முன்னாடி எந்திரிச்சு நின்னு நீங்கதான சொன்னீக?"

"நான்தான் சொன்னேன்."

"அப்ப ஊசியும் இப்புடித்தானா? நாளைக்கு வந்து அதுவும் சும்மான்னு சொல்லுவீகளா?"

"அது வேற, இது வேற. ஊசி எத்தனையோ ஊர்ல, எத்தனையோ காலம் பாத்து முடிவு பண்ணுனது."

"கசாயமும் பாத்துத்தான சொன்னீக" என்றார் கருப்பையா. கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. பொன்னழகு ஆடுகளை அங்குட்டு ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். அப்பா வரப்பிலேயே நின்றார். நான் கையைத் தொட்ட பிறகுதான் வண்டியை எடுத்தார்.

அந்த வருசம் மழைக்கு முன்னால் துள்ளுமாரி நோய் வராமல் இருக்க ஊசி போடப் போனபோது கருப்பையா பட்டியைத் திறக்கவில்லை. அவரைப் பார்த்து அந்தப் பக்கத்துக் கிடைக்காரர்கள் வேறு சிலரும் வேண்டாம் என்றார்கள். மழை பெய்தது, இளம்புல் முளைத்தது. மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் துள்ளி விழுந்து செத்தன. கருப்பையாவின் மந்தையில் பாதிக்கு மேல் போயிற்று. அப்பாவைத்தான் கூப்பிட்டார்கள், அறுத்துப் பார்த்துச் சாவுக்குக் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டுமே. நாள் முழுக்க அங்கே குனிந்து உட்கார்ந்து அறுத்துவிட்டு வந்தார். குளித்துவிட்டு வந்து, "நான் அன்னைக்குப் போயிச் சொல்லாம இருந்திருக்கணுமா டீச்சர்?" என்று கேட்டார். நான் தட்டை எடுத்து வைத்தேன். யோசித்துப் பார்த்தால், சொல்லத்தான் வேண்டும் என்று ஒரு மனசு சொல்கிறது. அந்த ஆடுகளை நினைத்தால் இன்னொரு மனசு வாயை மூடிக்கொள்கிறது. ஒன்று மட்டும் தெரியும். தவறு நடந்தது அவர் உண்மையைச் சொன்ன நாளில் இல்லை. முதலில் வந்த அட்டவணையை நம்பி மேடை ஏறினாரே, அன்றைக்கு. அதற்கப்புறம்தான் அவர் சர்க்கரை கூடியது, சிறுநீரகம் கெட்டது, மதுரை ஆஸ்பத்திரிக்கு அலைந்தோம். மிச்சம் உனக்குத் தெரியும், கடைசியில் நீயும் பக்கத்தில்தானே இருந்தாய். இந்தக் கவலையால்தான் நோய் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். நீ ஆஸ்பத்திரிகளில் மனிதர்களைப் பற்றித் தகவல் சேர்த்திருக்கிறாய். உன் கணக்கைப் பார்த்து யாரோ ஒரு நர்ஸ் ஒரு மாத்திரையைக் கொடுக்கவோ நிறுத்தவோ போகிறாள். மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு வெள்ளைத்தாளில் உன் கேள்வியை எழுது. உன் நோயாளிகள் எந்த ஆஸ்பத்திரியில், எந்த வார்டில், யார் கையில் இருந்தார்கள் என்று படம் போட்டுப் பார். அந்த அமைப்பைத் தாங்குகிற முறை எது என்று, புள்ளியியல் தெரிந்த ஒருவரிடம், தகவல் சேர்க்கும் முன்னாலேயே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை என்றால் இன்றே கேள். அதற்குப் பிறகுதான் அந்த முறை எந்த மென்பொருளில் இருக்கிறது என்று தேட வேண்டும். அப்பா இதைத் தலைகீழாகச் செய்தார். கையில் இருந்த மென்பொருளுக்கு எந்தக் கேள்வி பொருந்துமோ அதைக் கேட்டுக்கொண்டார்.

மெனு வைத்த மென்பொருளை நான் மட்டமாகச் சொல்லவில்லை. எளிய ஒப்பீடு என்றால் அதுவே போதும், சீக்கிரம் முடியும், உங்கள் துறை ஒழுங்காக உரிமம் வைத்திருந்தால் செய். ஆனால் ஒவ்வொரு அழுத்தலும் கட்டளையாகப் பதிவாகும்படி வைத்துக்கொள், அந்தப் பதிவை உன் தகவலோடு சேர்த்துப் பத்திரப்படுத்து. நீ அங்கிருந்து கிளம்பிய பிறகும் உன் கோப்பை யாராவது திறக்க முடிய வேண்டும், அதனால் எந்த மென்பொருளும் படிக்கிற சாதாரண எழுத்துக் கோப்பாக ஒரு பிரதி வை. பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரிந்த மென்பொருளாக இருப்பதும் முக்கியம், நீ தப்பாகச் செய்யும்போது அவர்களால்தான் சொல்ல முடியும். ஆர் கற்றுக்கொள்வாய் என்றால் சந்தோசம், நான் கூட உட்காருகிறேன். ஆனால் அது உன்னைக் காப்பாற்றும் என்று நினைத்துவிடாதே. அப்பா செய்த அதே தவறை ஆரில் ஒரே வரியில் செய்யலாம், அது சிவப்பு எழுத்தில் கத்தவும் கத்தாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன மாதம் அப்பா வேலை பார்த்த கால்நடை ஆஸ்பத்திரியில் அப்பாவுடைய புத்தகங்கள் சில கிடக்கின்றன, எடுத்துக்கொள்ளுங்கள் என்று கூப்பிட்டார்கள். அவர் இடத்துக்கு வந்திருக்கும் டாக்டர் சின்ன வயசுக்காரர். "அந்தப் பக்கக் கிடைக்காரவுக மட்டும் இன்னும் ஊசிக்கு வர மாட்டேங்கிறாகம்மா. என்ன காரணம்னே தெரியல" என்றார். எனக்குத் தெரியும் என்று நான் சொல்லவில்லை. அவர் ஜீப்பில் கிளம்பியபோது நானும் ஏறிக்கொண்டேன். கருப்பையா இல்லை, வெளியூர் போயிருந்தார். பொன்னழகு பட்டி வாசலில் நின்று என்னையே பார்த்தாள். "டாக்டரய்யா வீட்டம்மாவா?" என்றாள். ஆமாம் என்றேன். அவர் போய்விட்டதைக் கேள்விப்பட்டாளாம், வர முடியவில்லை என்றாள். நான் ஊசியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை, பேச எனக்கு என்ன உரிமை இருக்கிறது. அவள் உள்ளே போய், கொஞ்ச நேரம் கழித்து, ஒரு பெட்டைக்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "இதுக்கு மட்டும் போடுங்க. மத்தத அவரு வந்தா கேட்டுக்கங்க" என்றாள். டாக்டர் போட்டார். குட்டி துள்ளிக்கொண்டு தாயிடம் ஓடியது.

"பரவாயில்லம்மா, ஒண்ணுக்காச்சும் போட்டமே" என்றார் அந்தச் சின்ன டாக்டர், ஜீப்பில் வரும்போது. ஒரே ஒரு குட்டி. அது பிழைத்தாலும் செத்தாலும் அதை வைத்து எந்த மென்பொருளாலும் எதையும் சொல்ல முடியாது. நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். கண்மாய்ப் பக்கம் மேகம் கறுத்து இறங்கியிருந்தது. மழை இன்னும் தொடங்கவில்லை.

அம்மா